நாற்பத்திரண்டாவது பக்கம்

எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு டம்ளர் தேநீரை உட்கார்ந்து குடித்து முடித்ததாகச் சரித்திரம் கிடையாது. அண்ணனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அவன் தங்கை எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டவள் அண்ணி. அவள் உட்காருவாள், ஆனால் மேஜைக்கு அடியில் வலது முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். மேஜையில் தண்ணீர் வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து ஆடும்.

எங்கள் தொழிலைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் திருப்பிக் கேட்பார்கள். பழைய காலத்துப் போர்களை மேஜைமேல் வைத்து ஆடுகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வளர்ந்தவர்கள்தான், வேலைக்குப் போகிறவர்கள்தான். அவர்களுக்காகக் கட்டைவிரல் உயரச் சிப்பாய்களை உலோகத்தில் செய்கிறோம். அண்ணன் முன்பு பல் கட்டும் கூடத்தில் வேலை பார்த்தவன். அங்கே மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்கிய அதே கருவிகளால் இப்போது மீசை செதுக்குகிறான். மஞ்சளும் நீலமுமாக வரும் இரண்டு மாவைப் பிசைந்தால் பச்சையாகும். அதைக் கம்பி எலும்புக்கூட்டின்மேல் அப்பி, கல்லாக இறுகுவதற்குள் சட்டை மடிப்பு, தோல்வார், விரல் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட வேண்டும். அந்த முதல் உருவத்தை ரப்பர் தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்திச் சூடாக்கி அச்செடுப்பது நான். அச்சைச் சுழலும் இயந்திரத்தில் பூட்டி, நடுத்துளையில் உருகிய வெள்ளீயக் கலவையை ஊற்றுவதும் நான். சுற்றுகிற வேகத்தில் உலோகம் ஓரத்துக்கு ஓடி, விரல் நுனிவரை நிரம்பும். நிரம்பாவிட்டால் கையில்லாத சிப்பாய் பிறப்பான், நான் அவனையும் அண்ணனையும் சேர்த்துத் திட்டிவிட்டுத் திரும்ப உருக்குவேன்.

அண்ணியின் வேலைதான் யார் கண்ணுக்கும் தெரியாதது. அவள் விதி எழுதுகிறவள். குதிரை ஒரு முறைக்கு எத்தனை அங்குலம் போகும், மழையில் துப்பாக்கித் திரி நனைந்தால் என்ன ஆகும், பக்கத்துப் படை ஓடுவதைப் பார்த்த படைக்கு எப்போது மனம் கலங்கும் என்பதற்கெல்லாம் பகடையும் அளவு நாடாவும் வைத்துச் சட்டம் போடுவாள். பகலில் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை தயாரிக்கும் வேலை. பதினான்கு வருடமாக, ஒரு வண்டி ஆறு நிமிடம் பிந்தினால் மற்ற நாற்பது வண்டிகள் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துப் பழகிய மூளை. அந்த மூளையோடு கல்யாணமாகி வந்தவள், எங்கள் வீட்டுக் கூடத்தில் அண்ணனும் அவன் சிநேகிதன் ஒருவனும் ஒரு பொம்மைக் குதிரை வேலியைத் தாண்டலாமா என்று அரை மணி நேரம் கத்துவதைப் பார்த்தாள். "இதை எழுதி வச்சா என்ன?" என்று கேட்டாள். கேட்டது அவ்வளவுதான். அன்றிலிருந்து பதினோரு வருடம் அதையேதான் எழுதினாள்.

நாற்பத்தொரு பக்கம் வந்திருந்தது. ஒரு பாலத்துக்காக இரண்டு படைகள் மோதிக்கொண்ட பழைய சண்டை. அண்ணன் அதற்கென்று ஈட்டிக்காரர்கள், துப்பாக்கிக்காரர்கள், குதிரைப்படை என்று முப்பத்தாறு உருவங்கள் செய்திருந்தான். அவற்றைப் பெட்டியில் போட்டு ஊர் ஊராக அனுப்பும் கடைக்காரர் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரைப் பெட்டிக்காரர் என்போம். இதற்கு முன் வந்த பெட்டிகளில் எல்லாம் உருவங்கள் எங்களுடையவை, விதி மட்டும் யாரோ ஒரு பேராசிரியர் எழுதிய பழைய புத்தகம். இந்தத் தடவை அண்ணியின் புத்தகத்தையே அவள் பெயரோடு போடுவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை.

"ரெண்டு பேரை வரச் சொல்றேன். உங்களையும் தெரியாது, உங்க விதியும் தெரியாது. புத்தகத்தை மட்டும் கையில கொடுப்போம். நீங்க பக்கத்துல உக்காந்திருக்கலாம். ஆனா ஒரு வார்த்தை பேசக்கூடாது, கண்ணால கூடக் காட்டக்கூடாது. அவங்க ஆடி முடிச்சிட்டாங்கன்னா உங்க புத்தகம் போகுது. இல்லன்னா பேராசிரியரே போகட்டும்."

இந்தத் தொழிலில் இது வழக்கமான சோதனைதான். கடையில் வாங்கிப் போகிறவன் வீட்டுக்கு அண்ணி நேரில் போய் விளக்கம் சொல்ல முடியாதே. ஆனால் பேசாமல் இருப்பது அண்ணிக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒருத்தருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணி காற்புள்ளிகளை எடுத்தாள், மறுநாள் திரும்பப் போட்டாள். அண்ணன் நன்றாக இருந்த ஒரு கொடிக்காரனின் மூக்கைச் சீவி எறிந்துவிட்டுப் புதிதாக வைத்தான். நான் அவசரத்தில் அச்சு ஒட்டாமலிருக்க முகப்பவுடர் தூவ மறந்து, ஒரு முழு ரப்பர் தட்டைப் பாழாக்கினேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடையின் பின்னறையில் ஆட்டம். வந்தவர்களில் ஒருவர் லாரி ஓட்டுநர், பிடிவாதமான தாடை. இன்னொருத்தி மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண், அடிக்கோடு போட்டுப் படிக்கிறவள். பெட்டிக்காரர் ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொண்டார். அண்ணியும் நானும் சுவரோரம் ஒரு பெஞ்சில். அண்ணனை உட்காரச் சொன்னோம். அவன் வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்ட மாதிரி வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தான். பெட்டிக்காரர் அவனை வெளியே போய் நடக்கச் சொல்லிவிட்டார்.

முதல் இரண்டு மணி நேரம் அண்ணியின் வாழ்க்கையிலேயே நல்ல இரண்டு மணி நேரம் என்றுதான் சொல்வேன். பாலத்தின்மேல் குதிரைகள் குறுக்காகத் திரும்பலாமா என்று ஓட்டுநர் கேட்டார். அண்ணியின் முழங்கால் நின்றுவிட்டது. மருந்துக்கடைப் பெண் பக்கங்களைப் புரட்டி, "பதினேழு, மூணாவது பத்தி. திரும்பலாம், ஆனா பாதி தூரம்தான்" என்றாள். "அட, நியாயம்தானே" என்றார் ஓட்டுநர். அண்ணி என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

பன்னிரண்டரைக்கு மேஜைமேல் பெரும்பாலும் ஆளில்லை. ஓட்டுநரின் நீலப் படையில் ஒரே ஒரு குதிரைக்குழு மிச்சம். அந்தப் பெண்ணின் சிவப்புப் படையில் நாலு துப்பாக்கிக்காரர்கள், ஒரு தோப்புக்குள். அவர்களிடம் வெடிமருந்து தீர்ந்துவிட்டது; எட்டு முறை சுட்டால் தீரும் என்று முப்பதாவது பக்கம் சொல்கிறது. குதிரைகள் தோப்புக்குள் நுழையக்கூடாது என்று பன்னிரண்டாவது பக்கம் சொல்கிறது.

"முடிஞ்சுதா?" என்றார் ஓட்டுநர்.

"இருங்க, பார்க்கிறேன்."

அவள் முதலிலிருந்து புரட்டினாள். பிறகு கடைசியிலிருந்து புரட்டினாள். பிறகு உள்ளடக்கத்தைப் பார்த்தாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"எப்ப முடியும்னு போடலையே," என்றாள் அந்தப் பெண்.

"போடலன்னா முடியலன்னு அர்த்தம். உங்க முறை."

இருவருமே நேர்மையான ஆட்கள், அதுதான் வினை. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. குதிரைகள் தோப்பைச் சுற்றி வந்தன. துப்பாக்கிக்காரர்கள் தோப்புக்குள் இந்த மரத்திலிருந்து அந்த மரத்துக்குப் போனார்கள். குதிரைகள் திரும்பவும் சுற்றின. ஒரு மணி ஆனது, ஒன்றரை ஆனது. அண்ணி கைக்குட்டையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு தடவை இருமினேன், வேண்டுமென்றேதான். பெட்டிக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டே காலுக்கு ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்து, "எனக்கு லோடு ஏத்தணும்மா, மன்னிச்சுக்குங்க" என்று எழுந்தார். மற்றபடி ஆட்டம் ரொம்ப நன்றாக இருந்தது என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

பெட்டிக்காரர் கெட்டவரில்லை. "வியாழக்கிழமை அச்சுக்குப் போகணும். புதன் சாயந்திரம் இவங்க ரெண்டு பேரையும் திரும்பக் கூப்பிடறேன். ஒரு பக்கம்தான் குறையுது, எழுதிட்டு வாங்க. ஆனா சும்மா தோணினதை எழுதாதீங்க, ஆடிப் பார்த்து எழுதுங்க. இல்லன்னா நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். பதினோரு வருடமாக மாதம் தவறாமல் ஆடுகிறீர்களே, ஆட்டம் எப்படி முடியும் என்று எழுத ஒருத்தருக்குமா தோன்றவில்லை என்று கேட்டேன். அண்ணி நேராக அலமாரிக்குப் போய், ஆட்டக் குறிப்பு எழுதும் நோட்டுகள் ஏழையும் எடுத்து வந்து தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாம் அவளும் அண்ணனும் ஆடியவை. தேதி, படைகள், எந்த முறையில் எத்தனை ஆள் மிச்சம், எப்படி நின்றது எல்லாம் இருக்கும். பேருந்து அலுவலகத்துப் புத்தி.

ஒவ்வொரு ஆட்டத்தின் கடைசி வரியாக அவள் படிக்கப் படிக்க நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஆறாவது முறை. வாள் கோணல் என்று எழுந்தார்." "ஏழாவது முறை. கொடிக்கம்பம் வளைவு, சரிசெய்ய எழுந்தார்." "ஐந்தாவது முறை. விட்டுக்கொடுத்தார்." "எட்டாவது முறை. குதிரைக்கால் கோணல், எழுந்தார்." அண்ணன் அப்படித்தான் என்று எங்களுக்குத் தெரியும். ஆட்டத்தின் நடுவில் ஒரு உருவத்தில் குறை தெரிந்துவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு பூதக்கண்ணாடி இருக்கும் மேஜைக்குப் போய்விடுவான். அத்தோடு ஆட்டம் நின்றுவிடும். அவனுக்குக் காலில் சக்கரம் என்று சிரித்துவிட்டு நாங்கள் சமைக்கப் போவோம்.

நாலாவது நோட்டுக்கு வந்தபோது அண்ணியின் குரல் மாறியது. படிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக் கணக்கெடுக்க ஆரம்பித்தாள். ஏழு நோட்டும் முடிந்ததும் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"இருநூத்திப் பன்னெண்டு ஆட்டம் ஆடியிருக்கோம்."

"இருக்கும்," என்றான் அண்ணன், நிலைப்படியில் சாய்ந்தபடி.

"நான் முந்தி இருந்தப்பல்லாம் நீங்க சீக்கிரமே விட்டுக்கொடுத்திருக்கீங்க. நான் தோக்கப்போற நேரத்துலதான் வாள் கோணலாகியிருக்கு. ஒவ்வொரு தடவையும். இருநூத்திப் பன்னெண்டுல நான் ஒண்ணுகூடத் தோக்கல."

எனக்கோ வேறொன்று சுருக்கென்று தைத்தது. அந்த வாள்களை வார்த்தவள் நான். பதினோரு வருடமாக என் வார்ப்பு கோணல் என்று கேட்டுக் கேட்டு, அச்சை மாற்றி, சூட்டை மாற்றி, தூக்கம் கெட்டவள்.

"அப்ப என் வாள் எதுவும் கோணலா இல்லையா, அண்ணா?"

"ஒண்ணு ரெண்டு இருந்திருக்கும்," என்றான்.

கையில் நோட்டு இருந்தது, அதனால் நோட்டை எறிந்தேன்.

அண்ணி என்னை அடக்கினாள். "ஏன்னு மட்டும் சொல்லுங்க," என்றாள் அண்ணனிடம்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கல்யாணமான புதுசுல மொத மொதல்ல ஒரு ஆட்டம் ஆடினோமே, நோட்டெல்லாம் போடறதுக்கு முன்னாடி. உன்னை மொத்தமா ஜெயிச்சிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு நாள் நீ என்கிட்ட பேசவே இல்ல. சாப்பாட்டை வச்சிட்டுப் போயிட்டே இருந்தே. எனக்குப் பயமாயிடுச்சு. தோத்தா இவளுக்குத் தாங்காது, இதையே விட்டுடுவான்னு நினைச்சேன். விட்டுடக் கூடாதுன்னுதான்..."

அண்ணி அவனையே பார்த்தாள். பிறகு, "அந்த ரெண்டு நாளும் நான் கோவத்துல இல்ல. உங்க குதிரை ஒரே முறையில எப்படி வேலியைத் தாண்டிச்சின்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. அண்ணி நோட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அழுதாளா என்று தெரியாது, எனக்கு அழுகை வந்தது உண்மை. அன்பாகச் செய்ததுதான். ஆனால் அந்த அன்புதான் அவள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் தின்றிருந்தது.

திங்கட்கிழமை அண்ணி விடுப்பு போட்டாள். காலை எட்டு மணிக்கே பலகையை விரித்து, ஆறும் பாலமும் தோப்பும் வைத்தாள். நான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் சிவப்பு, அண்ணன் நீலம்.

"நிஜமா ஆடுங்க. எழுந்திருக்கக் கூடாது, விட்டுக்கொடுக்கக் கூடாது. முடியற வரைக்கும்."

"எதுவரைக்கும் ஆடினா முடியும்?"

"அது தெரியாமத்தானே ஆடறோம்."

அண்ணன் எவ்வளவு நன்றாக ஆடுவான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணியின் இடப்பக்கத்தை நாலே முறையில் உடைத்தான். அவள் துப்பாக்கிக்காரர்கள் ஆற்றங்கரைக்குத் தள்ளப்பட்டார்கள். ஏழாவது முறையில் அவள் கையில் மிச்சம் ஒரே ஒரு குழு, பாலத்தின்மேல் நாலு ஈட்டிக்காரர்கள். எதிரே அவனுடைய பாதிப் படை அப்படியே நின்றது. அவன் பகடையைக் கையில் எடுத்தான், உருட்டவில்லை. உள்ளங்கையில் அதைக் குலுக்கிக்கொண்டே இருந்தான். அவனுடைய நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"உக்காருங்க," என்றாள் அண்ணி.

"தண்ணி குடிச்சிட்டு..."

"நான் தோக்கறதை உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தான். உருட்டினான். பாலத்தில் ஒருவன் விழுந்தான். அண்ணி அவனை எடுத்து ஓரமாகப் படுக்க வைத்துவிட்டுத் தன் முறையை ஆடினாள். வெல்ல வழியே இல்லை, எனக்கே தெரிந்தது. ஆனால் அவள் அளவு நாடாவை வைத்து ஒழுங்காக அளந்தாள், மனவுறுதிக்குப் பகடை போட்டாள், ஈட்டிகளைப் பாலத்தின் குறுகலான இடத்துக்குப் பின்வாங்கச் செய்தாள். இன்னும் நாலு முறை அந்தக் குறுகலில் தாக்குப்பிடித்தாள். தோற்கிற ஆட்டத்தில் இவ்வளவு செய்ய இருக்கிறதா என்று நான் வாயைப் பிளந்து பார்த்தேன். அவள் கண் பளபளத்தது, கன்னம் சிவந்தது. எதிரே அண்ணன்தான் முள்மேல் உட்கார்ந்த மாதிரி நெளிந்தான். ஜெயித்துக்கொண்டிருந்தவன் அவன்.

கடைசியில் ஒரே ஒரு ஈட்டிக்காரன் நின்றான். அண்ணன் பகடையை எடுக்குமுன் அண்ணி கையைக் காட்டி நிறுத்தினாள். கொஞ்ச நேரம் பாலத்தையே பார்த்தாள்.

"முடிஞ்சுது. நான் தோத்துட்டேன்," என்றாள். பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்து, "இவ்வளவுதானா? இதுல இருந்தா என்னைப் பதினோரு வருஷம் காப்பாத்தினீங்க?" என்று கேட்டாள்.

அங்கேயே, விழுந்த சிப்பாய்களை ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டு, அந்தப் பக்கத்தை எழுதினாள். பத்து வரிகூட இல்லை. முடிந்தது என்று சொல்லும் உரிமை தோற்கிறவருக்கு மட்டுமே உண்டு. ஒரு தரப்பின் ஆட்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த பிறகு, அந்தத் தரப்பு எந்த முறையிலும் அதைச் சொல்லலாம், சொல்லாமல் ஆடிக்கொண்டும் இருக்கலாம். இரண்டு தரப்பும் அப்படிக் குறைந்திருந்தால், ஆட்கள் குறைவாக உள்ளவர் தோற்கிறவர். சமமாக இருந்தால், பாலம் கையில் இல்லாதவர். யாரும் சொல்லாவிட்டால் பதினைந்தாவது முறையோடு முடியும். அதுவரை வெல்கிறவர் விட்டுக்கொடுக்கக் கூடாது, மேஜையை விட்டு எழக் கூடாது.

புதன்கிழமை மாலை ஓட்டுநரும் மருந்துக்கடைப் பெண்ணும் திரும்ப வந்தார்கள். நாங்கள் அதே பெஞ்சில், வாயைப் பொத்திக்கொண்டு. இந்தத் தடவை அண்ணனை உள்ளே விட்டார்கள், அவன் சுவரில் சாய்ந்து நின்றான். எட்டாவது முறைக்குள் அந்தப் பெண்ணின் படை சிதறிவிட்டது. ஓட்டுநர் பெரிய மனதோடு, "போதும்மா, விடுங்க, நல்லாத்தான் ஆடினீங்க" என்று எழப் பார்த்தார். அவள் தலையைத் தூக்காமலே, "நாப்பத்திரண்டாவது பக்கம். உக்காருங்க சார்" என்றாள். அவர் உட்கார்ந்தார். அவள் இன்னும் இருபது நிமிடம் மிச்சமிருந்த ஆறு ஆட்களை வைத்துக்கொண்டு ஆற்றோரமாகப் போராடினாள். தோற்கத் தோற்க அவள் குரல் உயர்ந்தது, ஒரு தடவை சிரித்துக்கொண்டே மேஜையைக் குத்தினாள்.

அண்ணன் ஓட்டுநரைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுது," என்றாள் அவள் கடைசியில். ஓட்டுநர் கை குலுக்கினார். பெட்டிக்காரர் புத்தகத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, அச்சுக்குப் போகும் உறையில் வைத்தார். அந்தப் பெண் அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. விழுந்த சிவப்புச் சிப்பாய்களை ஒவ்வொருவராக எடுத்து நிறுத்தி வைத்துக்கொண்டே, "இன்னொரு ஆட்டம் போடலாமா சார்?" என்று கேட்டாள்.

அண்ணன் மெல்ல வந்து பெஞ்சில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இருநூத்திப் பன்னெண்டு தடவை உனக்கு இது கிடைக்காம பண்ணிட்டேன்," என்றான்.

இப்போது அண்ணி பேசலாம், தடையில்லை. ஆனாலும் அவள் மேஜைப் பக்கமே கையைக் காட்டினாள். அடுத்த ஆட்டம் முடியும்வரை மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.